தொலையாத அருவியைக் கண்டுபிடித்தவர்கள்

தொலைந்து போன பொருளைத்தான் கண்டுபிடிக்க முடியும். மேய்ச்சலுக்குப் போன ஆடு தொலைந்தால் தேடிக் கண்டுபிடிக்கலாம். தண்ணி எடுக்கப் போன இடத்தில் காதுத்தோடு விழுந்தால் கண்டுபிடிக்கலாம். மலை உண்டான காலந்தொட்டு விழுந்துகொண்டிருக்கிற அருவியை ஒருத்தர் வந்து ‘கண்டுபிடித்தேன்’ என்றால், ‘அது எங்கேய்யா தொலைஞ்சு போயிருந்துச்சு? தொலைச்சது யாரு?’ என்று கேட்பதுதானே நியாயம்? நம் பத்திரிகைகள் கேட்பதில்லை. பயண நூல்கள் கேட்பதில்லை. பாடப்புத்தகம் கேட்பதே இல்லை.

அந்தக் காலத்து வெள்ளைத் துரைமார் பார்த்த அருவிகளைத் தேடிப் போவது இன்றைக்குப் படித்த நடுத்தர வர்க்கத்துக்கு ஒரு மோஸ்தர் ஆகிவிட்டது. முதுகிலே பை, கழுத்திலே கேமரா, கையிலே பழைய வரைபடத்தின் நகல். திரும்பி வந்து எழுதுகிற கட்டுரையில் மூன்று சொற்கள் தவறாமல் வரும். ‘மனிதக் காலடி படாத காடு’, ‘கன்னி அருவி’, ‘தீண்டப்படாத இயற்கை’. இந்த மூன்றையும் எடுத்துப் போட்டு உடைப்பதுதான் இந்தக் கட்டுரையின் வேலை. ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் மேற்கே நிற்கிற மலை எனக்குத் தெரிந்த மலை. ஆகவே அங்கேயிருந்தே தொடங்குகிறேன்.

பேர் வைத்தது யார்?

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே செண்பகத்தோப்பு. அங்கே ஒரு அருவிக்கு மீன்வெட்டிப்பாறை என்று பேர். அந்தப் பேரைக் கொஞ்சம் வாயில் வைத்துச் சொல்லிப் பாருங்கள். எந்த ராணியும் அதில் இல்லை. எந்தத் துரையும் இல்லை. மீன் இருக்கிறது, வெட்டு இருக்கிறது, பாறை இருக்கிறது. பசித்து வந்தவன், மீன் பிடித்தவன், அந்தப் பாறையில் வைத்து வெட்டித் தின்றவன் வைத்த பேர் என்று கேட்ட மாத்திரத்தில் தெரிகிறதே! இதைவிட வேறு என்ன கல்வெட்டு வேண்டும்? ‘காலடி படாத’ என்று எழுதுகிறவர் அந்தப் பேரைச் சொல்லித்தான் வழி கேட்டுப் போகிறார். போய்ச் சேர்ந்த பிறகு, பேர் வைத்தவனைக் காணோம் என்கிறார்.

ராஜபாளையத்துக்கு மேற்கே முடங்கியாறு ரோட்டில் போனால் அய்யனார் கோயில், அதையொட்டி அருவி. சாமிக்கு ‘நீர்காத்த அய்யனார்’ என்று பேர். அதுவும் வேலையைச் சொல்லுகிற பேர்தான். தண்ணீரைக் காப்பது ஒரு வேலை. அதை யார் செய்தார்கள் என்ற கேள்வி அந்தப் பேருக்குள்ளேயே கிடக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

ஸ்ரீவில்லிபுத்தூர் என்ற ஊரின் பேரையே எடுத்துக்கொள்ளுங்கள். தலபுராணம் என்ன சொல்கிறது? மல்லி என்ற அரசிக்கு வில்லி, கண்டன் என்று இரண்டு பிள்ளைகள். வேட்டைக்குப் போன இடத்தில் கண்டனைப் புலி அடித்துக் கொன்றுவிட்டது. தேடிப் போன வில்லி, கனவில் வந்த பெருமாள் சொற்படி, காட்டைத் திருத்தி ஊர் கட்டினான். அதுதான் வில்லிபுத்தூர். புராணம் எழுதியவர்களே ஒத்துக்கொள்கிறார்கள், ஊரைக் கட்டினவன் வேடன் என்று. வேடன் பேருக்கு முன்னால் ‘ஸ்ரீ’ என்று ஒரு எழுத்தைச் சேர்த்தார்கள். பேர் மட்டும் உள்ளே தங்கியது. பேருக்கு உரியவனைக் காட்டு விளிம்புக்குத் தள்ளியாகிவிட்டது.

உலகம் பூராவும் இதே கதைதான். ஆப்பிரிக்காவில் சாம்பேசி ஆற்றில் விழும் பேரருவியை 1855 நவம்பர் 16ஆம் தேதி டேவிட் லிவிங்ஸ்டன் ‘கண்டுபிடித்தார்’ என்று படித்திருக்கிறோம். எப்படிக் கண்டுபிடித்தார்? மக்கோலோலோ மக்கள் படகில் உட்கார வைத்து, ஓட்டிக் கொண்டுபோய்க் காட்டினார்கள். அதற்குப் பல வருசம் முன்னாலேயே அந்த அருவியைப் பற்றி அவருக்குச் சொன்னவர்களும் அவர்கள்தான். ‘இடி இடிக்கும் புகை’ என்ற பொருளில் ‘மோசி ஓ துன்யா’ என்று அவர்கள் வைத்திருந்த பேர் இருந்தது. அதைத் தள்ளிவிட்டு, அந்தத் தண்ணீரின் ஒரு திவலைகூட மேலே படாத விக்டோரியா ராணியின் பேரை வைத்தார். 1873இல் லிவிங்ஸ்டன் காட்டில் செத்தபோது அவருடைய உடலைப் பல மாதம் சுமந்து நடந்து கடற்கரை சேர்த்தவர்கள் சூமா, சூசி என்ற ஆப்பிரிக்கத் தொழிலாளர்களும் அவர்களுடைய கூட்டாளிகளும். லண்டனில் பெரிய மரியாதையோடு அடக்கம் நடந்தபோது சூமாவும் சூசியும் அங்கே இல்லை. உயிரோடு இருந்தபோதும் சுமந்தார்கள், செத்த பிறகும் சுமந்தார்கள். அருவி மட்டும் ராணிக்குப் போனது.

வெனிசுலாவில் 979 மீட்டர் உயரத்திலிருந்து விழுகிற உலகத்தின் மிக உயரமான அருவிக்கு ஏஞ்சல் அருவி என்று பேர். தேவதைக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. 1933இல் விமானத்தில் பறந்தபடி அதைப் பார்த்த ஜிம்மி ஏஞ்சல் என்ற அமெரிக்க விமானியின் பேர் அது. அந்த மண்ணின் பெமோன் பழங்குடிகள் அதைக் கெரெபகுபை மேரு என்று அழைத்துக்கொண்டிருந்தார்கள். மேலே பறந்து எட்டிப் பார்த்தவனுக்குப் பேர். கீழே வாழ்ந்தவர்களுக்கு ஒன்றும் இல்லை.

முன்னால் நடந்தவன்

‘ஆப்பிரிக்காவுக்கு ஏன் போகிறாய், நம்ம மலைக்கு வா’ என்பீர்கள். வருகிறேன். தென்னிந்தியாவின் உயரமான சிகரம் ஆனைமுடி. 1862இல் மதராஸ் படையைச் சேர்ந்த டக்ளஸ் ஹாமில்டன் அதில் ஏறியதுதான் ‘பதிவான முதல் ஏற்றம்’ என்கிறார்கள். ‘பதிவான’ என்ற அந்த ஒற்றைச் சொல்லுக்குள் எத்தனை பேரைப் போட்டுப் புதைத்திருக்கிறார்கள் பாருங்கள். மலையில் தேன் எடுத்தவன், கிழங்கு தோண்டினவன், மாடு மேய்த்தவன் ஏறியது எல்லாம் ஏற்றக் கணக்கில் வராது. நோட்டுப் புத்தகம் கையில் இருந்தவன் ஏறினால்தான் மலை ஏறப்பட்டதாக அர்த்தம்.

கொடைக்கானலுக்கு 1821இல் லெப்டினண்ட் வார்டு ஏறி அளந்தார் என்று எழுதுகிறார்கள். எங்கேயிருந்து ஏறினார்? வெள்ளகவி என்ற மலை ஊரிலிருந்து. மேலே இருப்பது ‘கண்டுபிடிக்கப்படாத’ மலையாம், அதன் நடு வயிற்றில் ஒரு ஊர் இருக்கிறதாம்! அதற்குப் பிறகு துரைமாரையும் துரைசானிகளையும் டோலியில் தூக்கிக்கொண்டு அந்தச் சரிவில் ஏறியவர்கள் கூலிகள். பாதைக்கே ‘கூலி காட்’ என்று பேர். மோட்டார் ரோடு வருகிறவரைக்கும் கொடைக்கானல் என்ற சொர்க்கம் கூலிகளின் தோளில்தான் ஏறிப் போனது. வெள்ளகவிக்கோ 2000ஆம் ஆண்டு தாண்டியும் நெடுநாள் ரோடு இல்லை. பாதை காட்டின ஊருக்குப் பாதை இல்லை.

நம் பக்கத்துக்கு இன்னும் நெருங்கி வருவோம். ஸ்ரீவில்லிபுத்தூர் தாலுகா 1910 வரைக்கும் திருநெல்வேலி ஜில்லாவில்தான் இருந்தது. இதே மலைத்தொடர்தான் தெற்கே குற்றாலத்துக்கும் பாபநாசத்துக்கும் போகிறது. மேற்குச் சரிவு திருவிதாங்கூர். அந்தச் சரிவுகளை 1816 முதல் 1820 வரை வார்டும் கானரும் கம்பெனிக்காக அளந்தார்கள். அதற்கு முன்பே 1792இல் தாமஸ் டேனியல், வில்லியம் டேனியல் என்ற ஓவியர்கள் வந்து பாபநாசம் அருவியை வரைந்து கொண்டுபோய் லண்டனில் அச்சடித்து விற்றார்கள். குற்றாலத்தில் கம்பெனி ஜாதிக்காயும் கிராம்பும் நட்டுப் பார்த்தது. 1830களில் ராபர்ட் வைட் என்ற தாவரவியல்காரர் அங்கே செடி சேர்த்தார். இவர்கள் யாரும் அழகு பார்க்க மட்டும் வந்தவர்கள் இல்லை. என்ன விளையும், எங்கே கணவாய், எந்த மரம் விலைபோகும், எவ்வளவு வரி தேறும் என்று பார்க்க அனுப்பப்பட்டவர்களும் அவர்கள் பின்னால் வந்தவர்களும்தான்.

வைட் வெளியிட்ட இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட தாவரப் படங்களில் பெரும்பகுதியை வரைந்தவர்கள் ரங்கையா, கோவிந்து என்ற இரண்டு இந்திய ஓவியர்கள். வைட் ஒரு ஆர்க்கிட் இனத்துக்குக் கோவிந்துவின் பேரையே வைத்தார். நல்ல காரியம், சொல்லத்தான் வேண்டும். ஆனால் அந்தச் செடிகளுக்காகப் பாறையில் தொற்றியவர், மரத்தில் ஏறியவர், அட்டைக்கடி வாங்கியவர் பேரைப் படத்துக்கு அடியில் காணோம். கையில் தூரிகை பிடித்தவன்வரைக்கும் பேர் வந்தது. கையில் அரிவாள் பிடித்தவனுக்கு வரவில்லை.

‘அவர்கள் எழுதி வைத்ததால்தானே உங்களுக்கே தெரிகிறது?’ என்று ஒரு கேள்வி வரும். கல்லூரி வகுப்புகளில் கேட்டுப் பழகிய கேள்வி. சரி, எழுத்து அவர்கள் கையில் இருந்தது. எங்கள் கையில் ஏன் இல்லை? எழுதப்படிக்க விடாமல் ஆயிரம் வருசம் வாசலில் நிறுத்தி வைத்துவிட்டு, ‘உங்கள் பாட்டன் ஏன் குறிப்பு எழுதவில்லை’ என்று கேட்பது எவ்வளவு பெரிய அயோக்கியத்தனம்! எழுத்து என்பது சும்மா நினைவுக் குறிப்பு கிடையாது. எழுதினவனுக்கு அது பட்டா. வார்டின் அளவை ஏடு நாளைக்கு எல்லைக் கல் ஆகிறது. எல்லைக் கல் வனச் சட்டம் ஆகிறது. 1882இல் மதராஸ் வனச் சட்டம் வந்தபோது காட்டை எழுத்தில் வைத்திருந்தவனுக்குக் காடு சொந்தமானது. காலில் வைத்திருந்தவன் அத்துமீறி நுழைந்தவன் ஆனான்.

குறத்திக்கு என்ன கொடுத்தார்கள்?

வெள்ளைக்காரனை மட்டும் திட்டிவிட்டு நம்மவர்களைத் தப்பவிடுகிற பழக்கம் தமிழ்த் தேசியம் பேசுகிறவர்களுக்கு உண்டு. எனக்கு இல்லை. தமிழ் எம்.ஏ. வகுப்பில் திருக்குற்றாலக் குறவஞ்சி படித்தேன். திரிகூடராசப்பக் கவிராயர் பாடியது. மலை வளத்தையும் அருவியையும் அதில் சொல்லுகிறவள் குறத்தி. எங்கள் மலை, எங்கள் மலை என்று உரிமையோடு சொல்லுகிறாள். வகுப்பில் ஆசிரியர் அதைப் பாடிக் காட்டினால் நாமும் கிறங்கிப் போவோம். சந்தம் அப்படி.

கிறக்கம் தெளிந்த பிறகு கணக்குப் பார்க்க வேண்டும். அந்த நூலைப் பாடியதற்காக மதுரை நாயக்க அரசர் முத்துவிஜயரங்க சொக்கநாதர் கவிராயருக்கு நிலம் கொடுத்தார். அந்த நிலத்துக்கே குறவஞ்சிமேடு என்று பேர். குறத்தியின் வாயில் மலையை வைத்துப் பாடியவருக்கு வயல் கிடைத்தது. குறத்திக்கு? 1911இல் குற்றப் பரம்பரைச் சட்டம் மதராஸ் மாகாணத்துக்கு வந்தது. குறவர் மக்களையும் அதில் சேர்த்தார்கள். கைரேகைப் பதிவு, ஸ்டேஷனில் ஆஜர், ஊர் விட்டு ஊர் போகச் சீட்டு. இலக்கியத்தில் மலை முழுக்க அவளுக்கு. நிஜத்தில் பக்கத்து ஊருக்குப் போக அனுமதி வாங்க வேண்டும். மதராஸில் அந்தச் சட்டம் 1947இல்தான் ஒழிந்தது. துரைமார் பேரை அழித்தார்கள் என்றால், நம்ம புலவர்கள் குரலை எடுத்துக்கொண்டு ஆளை விட்டுவிட்டார்கள். இரண்டும் ஒரே களவின் இரண்டு கை.

மார்கழி நீராட்டத்தைப் பாடிய ஆண்டாளின் ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர். நீராடுவதற்கு எல்லாரையும் எழுப்பி அழைக்கிற பாட்டு என்று பெருமையாகச் சொல்லுவார்கள். அந்த அழைப்பு எந்தத் தெரு வரைக்கும் கேட்டது, எந்தத் தெருவுக்குக் கேட்கவில்லை என்று எந்த உரைகாரராவது எழுதியிருக்கிறாரா?

அருவியில் சாதி இல்லையாமே!

இப்போது அழகியல்வாதிகளின் கடைசிக் கோட்டைக்கு வருவோம். ‘அருவிக்குச் சாதி தெரியாது. அங்கே எல்லார் தலையிலும் ஒரே தண்ணிதான் விழுகிறது.’ கேட்க நல்லாத்தான் இருக்கு. தண்ணீருக்குச் சாதி தெரியாது என்பது எங்களுக்கும் தெரியும். அதைத் தெரிய வைப்பது யார், எந்த இடத்தில் தெரிய வைக்கிறார்கள் என்பதுதான் கேள்வி. அருவியிலிருந்து தண்ணீரோடு கீழே இறங்கி நடந்து பார்த்தால் தெரியும்.

அய்யனார் கோயில் பக்கத்திலிருந்து வருகிற தண்ணீர் ஆறாவது மைல் நீர்த்தேக்கத்துக்கு வந்து ராஜபாளையத்துக்குக் குடிதண்ணி ஆகிறது. மலையிலிருந்து இறங்குகிற மற்ற ஓடைகள் கண்மாய்களை நிரப்புகின்றன. கண்மாயில் மடை. நம் தென்மாவட்டங்களில் மடை திறந்து வயலுக்குத் தண்ணி பாய்ச்சுகிற வேலை யாருடையது? நீர்க்கட்டி, நீர்பாய்ச்சி, மடைக்குடும்பன் என்று ஊருக்கு ஊர் பேர் மாறும். ஆள் பெரும்பாலும் சேரியைச் சேர்ந்தவர். கண்மாய் நிறைந்து கிடக்கும்போது மூச்சை அடக்கி அடிவரைக்கும் முங்கி மடைக்கட்டையைத் தூக்குகிறவர் அவர். ராத்திரி உடைப்பு எடுத்தால் முதலில் ஓடுகிறவர் அவர். கடைமடை வயலுக்கும் பங்கு போக வேண்டும் என்று நெல் நெலாக் கணக்குப் பார்த்துத் திருப்புகிறவர் அவர். நீர் காத்தவன் யார் என்று கேட்டோமே, இவர்தான். கரையில் குதிரை மேல் உட்கார்ந்திருக்கிற அய்யனாருக்குத் துணையாகத் தண்ணிக்குள் இறங்கி நின்றவர்.

அவர் மூழ்கி எழுந்த தண்ணீர் வயலில் பாய்ந்தால் தீட்டு இல்லை. அதில் விளைந்த நெல் வீட்டுக்கு வந்தால் தீட்டு இல்லை. அவருடைய பெண்டாட்டி ஊருணியில் குடத்தை முக்கினால் மட்டும் தீட்டு. என் அம்மா தலைமுறையில் எங்கள் ஊர் ஊருணிக் கரையில் குடத்தைக் கீழே வைத்துவிட்டுக் காத்துக்கிடக்க வேண்டும். யாராவது மனசு வந்து ஊற்றினால் உண்டு. ‘ஆத்தா, கொஞ்சம் ஊத்திட்டுப் போங்க ஆத்தா’ என்று வயசில் சின்னவளையும் கெஞ்ச வேண்டும். அந்த ஊருணிக்கு வந்த தண்ணி எந்த மலையிலிருந்து வந்தது? ‘எல்லார் தலையிலும் ஒரே மாதிரி விழுந்த’ அதே தண்ணிதானே? மலையில் சமத்துவம் பாடிவிட்டுக் கரையில் கண்ணை மூடிக்கொள்கிறவர்களை என்ன சொல்ல?

1923இல் பம்பாய் சட்டசபை பொதுக் குளங்கள் எல்லாருக்கும் பொது என்று தீர்மானம் போட்டது. 1927 மார்ச் 20ஆம் தேதி மகத்தில் அண்ணல் அம்பேத்கர் ஆயிரக்கணக்கானவர்களோடு நடந்து போய்ச் சவுதார் குளத்தில் தண்ணீரை அள்ளிக் குடித்தார். அதற்காக எங்கள் மக்களின் மண்டைகளை உடைத்தார்கள். குளத்துக்குத் தீட்டுக் கழித்தார்கள். வழக்குப் போட்டார்கள். அது தங்கள் தனிச் சொத்து என்று சாதி இந்துக்கள் சொன்னது செல்லாது என்று பம்பாய் உயர் நீதிமன்றம் சொல்வதற்கு 1937 ஆகிவிட்டது. ஒரு கை தண்ணீருக்குப் பத்து வருசம். அதெல்லாம் பழைய கதை என்பவர்கள் 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் என்ன நடந்தது என்று நினைத்துப் பாருங்கள். தலித் மக்கள் குடிக்கிற மேல்நிலைத் தொட்டியில் மலத்தைக் கலந்தார்கள். இரண்டு வருசம் விசாரித்து 2025 ஜனவரியில் குற்றப்பத்திரிகை வந்தபோது, அந்தத் தண்ணீரைக் குடித்த மக்களைச் சேர்ந்த மூன்று பேரையே குற்றவாளி என்றார்கள். அருவிக்குச் சாதி தெரியாமல் இருக்கலாம். தொட்டிக்குத் தெரிகிறதே!

‘தீண்டப்படாத இயற்கை’ என்று எழுதுகிறார்களே, அந்தச் சொல் எங்கேயிருந்து வந்தது? காட்டைச் சொன்னால் அது பெருமை. எங்களைச் சொன்னால் இழிவு. ஒரே சொல்லை வைத்துக்கொண்டு ஒருபக்கம் பூஜை, மறுபக்கம் செருப்படி.

புலியும் சீட்டும்

செண்பகத்தோப்பிலும் அய்யனார் கோயில் பக்கத்திலும் பளியர் குடியிருப்புகள் இருக்கின்றன. தேன், கிழங்கு, நெல்லி, புளி என்று காட்டில் கிடைத்ததைக் கொண்டு வாழ்ந்த மக்கள். 1960களின் தொடக்கத்தில் பளியர் மத்தியில் தங்கி ஆய்வு செய்த பீட்டர் கார்ட்னர் என்ற மானிடவியலாளர், சண்டையைத் தவிர்ப்பதையும் ஒருவர் மேல் ஒருவர் அதிகாரம் செலுத்தாமல் இருப்பதையும் அறமாகக் கொண்டவர்கள் என்று அவர்களைப் பற்றி எழுதினார். அதிகாரம் செலுத்தாதவன் மேல்தான் எல்லா அதிகாரமும் வந்து ஏறுகிறது.

இந்த மலை 1988இல் சாம்பல் நிற அணில் சரணாலயம் ஆனது. 2021 பிப்ரவரியில் மேகமலையோடு சேர்த்து ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலைப் புலிகள் காப்பகம் ஆனது. இந்தியாவில் 51ஆவது, தமிழ்நாட்டில் 5ஆவது. பரப்பு ஆயிரம் சதுர கிலோமீட்டருக்குச் சற்று மேலே. வில்லியின் தம்பியைக் கொன்ற புலிக்கு இப்போது காடு எழுதி வைத்தாகிவிட்டது. புலி இருக்கட்டும். நாங்கள் ஒன்றும் புலிக்கு எதிரி இல்லை. பளியர் வாழ்ந்த காட்டில்தானே புலி மிச்சம் இருக்கிறது? எஸ்டேட்காரனும் மரக் காண்டிராக்ட்காரனும் நுழைந்த காட்டில் எத்தனை புலி மிஞ்சியது என்று கேட்டுப் பார்க்கட்டும்.

2006இல் வந்த வன உரிமைச் சட்டத்தின் முகவுரையே பழங்குடிகளுக்கு நடந்தது ‘வரலாற்று அநீதி’ என்று ஒப்புக்கொள்கிறது. தமிழ்நாட்டிலோ 2008இல் உயர் நீதிமன்றம் போட்ட இடைக்கால உத்தரவால் பட்டா கொடுப்பது 2016வரை முடங்கிக் கிடந்தது. அநீதி என்று ஒத்துக்கொண்ட பிறகும் அதை நிறுத்தப் பத்து வருசம் யோசிக்கிற தேசம் இது.

பளியர் மட்டும் இல்லை. அடிவாரத்துச் சேரிகளுக்கும் இந்த மலை ஜீவனம். என் அப்பத்தா விறகுக்கும் மாறு புல்லுக்கும் இருட்டோடு எழுந்து போனவள். எந்த ஓடையில் சித்திரையிலும் தண்ணி நிற்கும், எந்தப் பாறையில் பாசி வழுக்கும், யானை எந்தத் தடத்தில் இறங்கும் என்று அவளுக்கு அத்துப்படி. ஒரு தடவை காக்கி உடுப்பு ஒருத்தன் அவளுடைய அரிவாளைப் பிடுங்கிக்கொண்டு விறகைக் கொட்டிவிட்டு விரட்டினான். ‘நான் பொறந்ததிலேருந்து வர்றேன், நீ போன மாசம் வந்தவன்’ என்று சொல்லிவிட்டு வந்தாளாம். ‘கன்னி அருவி’ என்று எழுதுகிறவருக்குச் சொல்லுகிறேன்: அந்த அருவித் தண்ணியை அள்ளிக் குடித்துவிட்டுத்தான் என் அப்பத்தாவும் அவள் கூட்டாளிப் பொம்பளைகளும் தலைச்சுமையைத் தூக்கினார்கள். அவர்கள் காலடி காலடி இல்லையா? அவர்கள் மனுச இனத்தில் சேர்த்தி இல்லையா?

அதே ஆறு

டேனியல்கள் வரைந்த பாபநாசம் அருவி தாமிரபரணியின் அருவி. அந்தப் படத்தை இன்றைக்கும் சட்டம் போட்டு மாட்டுகிறார்கள். அதே தாமிரபரணியில் 1999 ஜூலை 23ஆம் தேதி என்ன மிதந்தது என்பதைச் சட்டம் போட்டு மாட்ட யாரும் தயாராக இல்லை. மணிமுத்தாறு அருவிக்கும் மேலே மாஞ்சோலை. 1929இல் சிங்கம்பட்டி ஜமீன் 99 வருசக் குத்தகைக்குக் கொடுத்த காடு. அதைத் தேயிலைத் தோட்டமாக்கித் தலைமுறை தலைமுறையாக உழைத்தவர்களில் பெரும்பகுதி தலித்துகள். கூலி உயர்வுக்காகவும் சிறையிலிருந்த தோழர்களின் விடுதலைக்காகவும் திருநெல்வேலியில் ஊர்வலம் வந்தார்கள். போலீஸ் அடித்து ஆற்றுக்குள் விரட்டியது. 17 பேர் செத்தார்கள். அதில் ஒன்றரை வயதுக் குழந்தையும் உண்டு.

இருபத்தைந்து வருசம் கழித்து 2024இல் அதே தொழிலாளர்களுக்கு விருப்ப ஓய்வு என்று தாளை நீட்டி மலையை விட்டு இறங்கச் சொன்னது கம்பெனி. குத்தகை முடியப்போகிறதாம், காடு புலிகள் காப்பகமாம். நாலு தலைமுறை ரத்தத்தை அட்டைக்குக் கொடுத்தவர்களுக்கு அங்கே ஒரு செண்டு நிலம் கிடையாது. நாளைக்கு அந்த மலையும் ‘மனிதக் காலடி படாத’ மலை ஆகும். அதைத் தேடிப் பயணக் கட்டுரைக்காரர் வருவார். இப்படித்தான் காலடி படாத இடங்களை உண்டாக்குகிறார்கள். முதலில் ஆளை இறக்குகிறார்கள், அப்புறம் ஆளே இருந்ததில்லை என்று எழுதுகிறார்கள்.

என்ன செய்வது?

அருவிக்குப் போகாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. தாராளமாகப் போங்கள். நம் பிள்ளைகள் அவசியம் போக வேண்டும். குளிக்கிற சுகம் நமக்கும் உரிமைதான். வேலை செய்து தேய்ந்த உடம்புக்கு அருவித் தண்ணி விழுவதைவிட வேறு வைத்தியம் உண்டா? ஆனால் போகிறவர்கள், எழுதுகிறவர்கள், படிக்கிறவர்கள் எல்லாரும் செய்ய வேண்டிய சில காரியங்கள் உண்டு.

எழுதுகிற தோழர்கள் முன்னால் நடந்தவர் பேரை, அவர் சம்மதித்தால், முதல் வரியில் எழுதுங்கள். ‘உள்ளூர்வாசி ஒருவர்’ என்று எழுதுகிற பேனாவை முறித்துப் போடுங்கள். மாணவத் தோழர்கள் விடுமுறைக்கு ஊருக்கு வரும்போது உங்கள் அப்பத்தாக்களிடம், அம்மாச்சிகளிடம் உட்கார்ந்து ஓடைக்கு ஓடை, பாறைக்குப் பாறை பேரைக் கேட்டு எழுதுங்கள். நீர்க்கட்டியாக இருந்த தாத்தாக்களிடம் மடைக் கணக்கைக் கேட்டு எழுதுங்கள். அவர்கள் போய்விட்டால் அந்த ஏடு எரிந்த மாதிரிதான். வார்டின் அளவை ஏட்டுக்கு எதிரே வைக்க நம்மிடமும் ஒரு ஏடு வேண்டும்.

சங்கம் வைத்திருக்கிற தோழர்கள் பளியர் குடியிருப்புகளின் கிராம சபைக்குத் துணையாக நின்று, வன உரிமைச் சட்டம் சொல்லும் சமூக உரிமையைக் கேளுங்கள். அருவிக்கு வருகிறவர்கள் கொடுக்கிற காசில் அந்தக் குடியிருப்புக்கு என்ன பங்கு என்று வெளிப்படையாகக் கேளுங்கள். மோசி ஓ துன்யா என்ற பேரை 1989இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் விக்டோரியாவுக்கு முன்னால் எழுத வைத்திருக்கிறார்கள். நம் மலையில் வைக்கிற பலகைகளில் பளியர் சொல்லுகிற பேரை எழுத வைக்க முடியாதா?

அப்புறம், அருவியில் குளித்துவிட்டு ‘இங்கே சாதி இல்லை’ என்று நெகிழ்ந்து போகிறவர்களைக் கையைப் பிடித்துக் கீழே கூட்டி வாருங்கள். கண்மாய், மடை, ஊருணி, மேல்நிலைத் தொட்டி, கடைசித் தெருவின் கடைசிக் குழாய் என்று வரிசையாகக் காட்டுங்கள். அந்தக் குழாயிலும் தண்ணி வருகிறதா, எத்தனை நாளைக்கு ஒரு முறை வருகிறது என்று அவர்களையே திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.

இனிமேல் எவராவது ‘யாரும் காணாத அருவியைக் கண்டேன்’ என்று கட்டுரையை நீட்டினால் அவரிடம் கேட்க இரண்டே கேள்விதான். உனக்கு வழி காட்டினது யாரு? அவருக்கு எவ்வளவு கூலி கொடுத்தே?